லோர்னா அடித்த நிறம்

எங்கள் வீட்டு முன் அறைச் சுவரின் நிறத்தைப் பார்க்கவென்றே இந்தப் பள்ளத்தாக்கில் பெண்கள் வந்துபோனதுண்டு. எங்கள் வீடு என்று நான் சொல்வது என் தம்பி டூகல் இருக்கிற வீட்டை. கில்கிறிஸ்ட் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செம்மறி வளர்க்கிற நிலத்தில் நிற்கிற மரவீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டனீடன் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, அதே நிலத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். என் சமையலறை ஜன்னலில் நின்றால் தம்பி வீட்டு முன் அறை தெரியும்.

அந்த நிறத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வெள்ளை இல்லை, மஞ்சளும் இல்லை. பால் தாராளமாக விட்ட தேநீர் போல என்று சிலர் சொல்வார்கள். ஓட்ஸ் கஞ்சியின் மேலே படியும் ஆடை என்பார்கள் சிலர். பூமியின் இந்தத் தென்கோடியில், பனிக்கடலிலிருந்து தெற்குக் காற்று கிளம்பி வந்து கைவிரல் மரத்துப்போகிற நாளில், வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் நுழைந்தால் உடம்பு இளகிவிடும். டூகலின் மனைவி லோர்னா, கல்யாணமான முதல் வருடத்தில் தன் கையால் அடித்தது. அவளுடைய கண் அப்படிப்பட்ட கண் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். கில்கிறிஸ்ட் வீட்டுக்கு வந்தவளுக்கு ரசனை இருந்தது என்பதில் எனக்கும் ஒரு பெருமை.

லோர்னா புற்றுநோயில் போனாள். அவள் மகள் ஐலா மெல்போர்னுக்கு வேலைக்குப் போய்விட்டாள். சில வருடம் தனியாக இருந்துவிட்டு டூகல் ரோனாவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

ரோனா பிளஃப் துறைமுகத்தில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். கத்தியை ஒரு திருப்புத் திருப்பினால் ஓடு வாயைத் திறக்கும் என்பார்கள். மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். வேலைக்கு அஞ்சமாட்டாள். ஆனால் மனதில் இருப்பதை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அது பழக்கமில்லை.

வந்த முதல் வருடம் அவள் அந்த அறையில் ஒரு படத்தைக்கூட நகர்த்தவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள், அவ்வளவுதான். இரண்டாவது வருடம் குளிர்காலத்தில் ஒருநாள் நான் போனபோது, ஜன்னலுக்கு அருகே சுவரில் கையகலத்துக்குச் சதுரம் சதுரமாகப் பெயின்ட் பூசி வைத்திருந்தாள்.

அன்றைக்கு பெக்கி மக்ராஸ்டியும் வந்திருந்தாள். அடுத்த பண்ணைக்காரி. ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள். எப்போதும் அவளுடைய ஸ்கோன் அடியில் கொஞ்சம் கருகியிருக்கும்.

"என்னடி ரோனா, சுவத்துக்கு அம்மை போட்டிருக்கு?" என்றாள் பெக்கி.

"நிறம் பாக்குறேன்."

"இருக்குறதுக்கு என்ன குறைச்சல்? ஊரே வந்து பாத்துட்டுப் போற நிறம். லோர்னாவுக்கு என்ன கண்ணு! இந்த ரூமுக்குள்ள வந்தாலே அடுப்புகிட்ட உக்காந்த மாதிரி இருக்கும்."

"அடுப்புகிட்டதான் உக்காந்திருக்கீங்க பெக்கி. உங்க முழங்காலுக்கு முன்னாடிதான் கணப்பு எரியுது."

பெக்கி சிரித்தாள். ரோனா சிரிக்கவில்லை. தேநீரை ஊற்றினாள், கிண்ணம் வழிகிற வரைக்கும் ஊற்றினாள்.

"நானும் அடிச்சேன் போன வருஷம்," என்றாள் பெக்கி. "இதே மாதிரி வேணும்னு துல்லாவோட பெயின்ட் கடையில சொல்லி, கலந்து வாங்கிட்டு வந்து அடிச்சா, என் வீட்ல அது பழைய பல்லு மாதிரி இருக்கு. கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல. அது லோர்னாவோட போச்சு."

அவள் போன பிறகு ரோனா கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. இதுல எது நல்லாயிருக்கு?"

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். டப்பாக்களில் கம்பெனி போட்ட பெயர்கள் வாயில் நுழையாதவை. அவளே பெயர் வைத்திருந்தாள். இது கம்பளி. இது கஞ்சி. இது சிப்பிச் சதை. எங்கள் பக்கத்தில் ஒரு நிறத்தை யாரும் முழுசாக வாங்குவதில்லை. பாதி போடு, கால் போடு என்று கடையில் சொல்லி, வீரியத்தைக் குறைத்துத்தான் கலந்து வாங்குவோம். முழு நிறம் அடித்தவர்களைப் பகட்டுக்காரர்கள் என்போம். அதனால் சிப்பிச் சதையிலேயே ஒரு முழுசும் ஒரு பாதியும் ஒரு காலும் இருந்தன.

"இந்தக் கம்பளி பச்சையடிக்குது," என்றேன். "இது செத்த சாம்பல். சிப்பி... கொஞ்சம் நீலம் பாரிச்ச மாதிரி இருக்கு."

"டப்பாவுல நீலமே இல்லை அண்ணி. துல்லாகிட்ட கேட்டேன். மஞ்சளும் செம்மண் கலரும்தான் போட்டிருக்கான்."

"சுவத்துல நீலமாத்தான் தெரியுது."

"அதான் எனக்கும் தெரியுது," என்றாள். பூட்ஸ் நுனியால் கரிவாளியை உதைத்தாள். "எதைக் கொண்டாந்து வச்சாலும் அவ பக்கத்துல நின்னா செத்த பொணம் மாதிரி ஆயிடுது. நான் நின்னாலும் அப்படித்தான் தெரியுமோ என்னமோ."

"பேச்சைப் பாரு."

"பின்ன என்ன? உங்க தம்பியைக் கேட்டா எல்லாத்தையும் பாத்து நல்லாத்தான் இருக்குங்கிறார். பாக்குறதே இல்லை. கண்ணு சதுரத்துல இருக்கு, மனசு அதைச் சுத்தி இருக்குறதுல இருக்கு."

இறந்தவளிடம் பொறாமைப்படுகிறவளுக்கு என்ன பதில் சொல்வது? உயிரோடு இருக்கிற எதிரியாவது ஒருநாள் சளி பிடித்து மூக்கைச் சிந்துவாள், வயதாகிச் சதை தொங்கும். லோர்னாவுக்கு இனி அதெல்லாம் இல்லை.

டூகலை ஒன்றும் சொல்லமுடியாது. ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. ஆலங்கட்டியும் மழையும் மாறி மாறி அடித்தன. விடிவதற்கு முன்னால் போகிறவன், விறைத்துப்போன குட்டிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருவான். சமையலறைக் கரியடுப்பின் பக்கத்தில் அட்டைப்பெட்டிகளில் குட்டிகள் கிடக்கும். ரோனா ஒரு கையால் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டே மறு கையால் ஆட்டுக்கறிக் குழம்பைக் கிளறுவாள். அந்த வேலையில் அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும்.

சாப்பாட்டு மேசையில்தான் அவள் ஒருநாள் பேச்சை எடுத்தாள். நானும் இருந்தேன்.

"ஐலா கல்யாணத்துக்கு முன்னாடி முன் ரூமுக்கு அடிச்சிடலாமா?"

"அடிச்சுக்கோயேன்," என்றான் டூகல்.

"எந்த நிறம்?"

"உனக்குப் புடிச்சது எதுவோ அது."

"எனக்குப் புடிச்சது உங்களுக்கும் புடிக்கணும்ல?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு ரோனா. அந்த உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு."

அந்த வாரமே மெல்போர்னிலிருந்து ஐலா போன் செய்தாள். கல்யாணம் எங்கள் ஊர்த் தேவாலயத்தில். அதற்கு முந்தின வாரம், வழக்கப்படி ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடி மணப்பெண்ணுக்குத் தேநீர் விருந்து வைப்பார்கள். ஆளுக்கொரு தட்டுப் பலகாரமும் சமையலறைக்கு ஒரு சாமானும் கொண்டுவருவார்கள். அதை நம் வீட்டு முன் அறையிலேயே வைக்கவேண்டும் என்றாள். டூகலுக்குக் காது மந்தம். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அவள் பேசுவது அடுப்படிவரை கேட்கும்.

"அப்பா, அந்த ரூமை மட்டும் தொட்டுடாதீங்க. அம்மா சுவர் முன்னாடிதான் நான் போட்டோ எடுத்துக்கணும். சரியா?"

"சரிம்மா. யாரு தொடப்போறா?" என்றான் டூகல்.

ரோனா அடுப்புத் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

மறுநாள் காலையில் என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், முன் அறையில் நாற்காலிகளெல்லாம் நடுவில் குவிந்திருக்கின்றன. ஏணி போட்டு ரோனா நிற்கிறாள். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன் என்று சொல்லமாட்டேன். நான் ஓடுகிற வழக்கமில்லை. ஆனால் பொத்தான் போடவில்லை.

"ரோனா! போன்ல அவ சொன்னது உன் காதுல விழுந்ததா இல்லையா?"

"விழுந்துச்சு. தொடக்கூடாதுன்னா. நான் எங்க தொட்டேன்? கழுவுறேன்." கையில் பஞ்சு. வாளியில் பெயின்ட் அடிக்கிறவர்கள் சுவர் கழுவப் பயன்படுத்துகிற தூள் கரைத்த வெந்நீர். "மகராசி சுவர் சுத்தமா இருக்கட்டும். கல்யாணத்துக்கு வர்றவங்க ரெண்டாம் பெண்டாட்டி ஒட்டடைகூட அடிக்கலைன்னு சொல்லக்கூடாதுல்ல? அந்தச் சதுரத்தையெல்லாம்கூட தேய்ச்சு எடுக்கப் பாக்குறேன். வரமாட்டேங்குது, பாழாப்போனது."

"கீழே இறங்கு."

"இறங்குறேன்," என்று சொல்லிவிட்டுப் பஞ்சைப் பிழிந்தாள். பிழிந்தவள் அப்படியே நின்றாள்.

வாளியில் விழுந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது. கெட்டித் தேநீர் போல. அவள் கழுவிய இடத்தில், மேலிருந்து ஒரு பட்டை, வேறு சுவர் தெரிந்தது. வெளிறிய வெள்ளை. பச்சைத் தண்ணீரில் ஊறின துணியின் வெள்ளை. அதைப் பார்த்தபோதே எனக்குத் தோளில் குளிர் ஏறியது.

"நிறத்தைக் கழுவிட்டேனா?" என்றாள். "அண்ணி, பெயின்ட் கரையுமா? பெயின்ட் எப்படிக் கரையும்?"

அவள் இறங்கி வந்து, அறைக்கோடியில் இருந்த கனமான பீரோவைத் தோளால் முட்டித் தள்ளினாள். லோர்னாவின் சீராக வந்த பீரோ, அவள் சுவர் அடித்து முடித்து அங்கே தள்ளி வைத்ததிலிருந்து நகர்ந்ததில்லை. அதன் பின்னால் சுவர் முழுக்க அதே வெளிறிய வெள்ளை, கழுவாமலே.

அப்போதுதான் டூகல் கையிடுக்கில் ஒரு குட்டியோடு வாசலில் வந்து நின்றான். பட்டையைப் பார்த்தான். பீரோ இருந்த இடத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "இதான்."

"எது இதான்?" என்றேன்.

"லோர்னா அடிச்சது. கோழிமுட்டை ஓடு மாதிரி வேணும்னு கேட்டா. காஞ்சதும் இப்படி ஆச்சு. இங்கயே உக்காந்து அழுதா. வேற அடிச்சுக்கலாம்னு சொன்னேன். அப்புறம் ஐலா வயித்துல இருந்தா, பெயின்ட் வாடை ஆகலை. அப்புறம்..." குட்டியை மாற்றிப் பிடித்தான். "இந்தக் கணப்பு புகையும்ல. நம்ம ஊர்ப் பழுப்பு நிலக்கரிதானே எரிக்கிறோம். அப்பா வேற சாகுறவரைக்கும் இங்க உக்காந்து பைப் குடிச்சார். கொஞ்சம் கொஞ்சமா நல்லாயிடுச்சு."

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லலை?"

"யாரும் கேக்கலையேக்கா."

ரோனா நாற்காலிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை.

"புகையா? அப்ப நான் ரெண்டு வருஷமா வயிறெரிஞ்சது கரிப்புகையைப் பாத்தா?"

டூகல் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஆபத்தில்லாதது குட்டிதான் என்று முடிவுசெய்து அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வேறு கவலை. பள்ளத்தாக்கே வந்து பார்த்த சுவர். வாயைப் பிளந்து பாராட்டிய சுவர். பெக்கி மக்ராஸ்டி அதே மாதிரி வேண்டுமென்று கலந்து வாங்கி அடித்துக்கொண்ட நிறம். கில்கிறிஸ்ட் வீட்டில் முப்பது வருட அழுக்கு என்று தெரிந்தால்? அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் தலை நிமிர்ந்து நடக்கமுடியுமா?

"ரோனா, நல்லாக் கேட்டுக்க. இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கணும். ஐலாவுக்குத் தெரியக்கூடாது. பெக்கிக்குத் தெரியவே கூடாது. கழுவாத சுவர்ல ஒரு துண்டைச் சுரண்டிக் கொண்டுபோ. துல்லா அதே நிறத்தைக் கலந்து குடுப்பான். அடிச்சிடலாம்."

"அழுக்கை டப்பாவுல வாங்கிட்டு வந்து என் கையால அடிக்கணுமா?"

"குடும்ப மானம்."

"யாரோட குடும்பம் அண்ணி?"

கேட்டுவிட்டு அவள் எழுந்து பஞ்சை எடுத்தாள். நாள் முழுக்கக் கழுவினாள். வாளி வாளியாகப் பழுப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினாள். நான் கீழ்ப்பகுதியைத் துடைத்தேன், முழங்கால் போட்டு. என் வீட்டு அழுக்கைப் பிறர் மட்டும் துடைத்தார்கள் என்று இருக்கக்கூடாது.

மதியத்துக்கு மேல் மேகம் விலகி வடக்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. சுவர் முழுக்க இப்போது லோர்னா அழுத நிறம். அதன் நடுவில் ரோனாவின் சதுரங்கள்.

"அண்ணி," என்றாள். "இங்க வாங்க."

சிப்பிச் சதை, பாதி. நீலம் பாரித்துச் செத்துக் கிடந்த சதுரம். இப்போது அது, உடைத்த சிப்பிக்குள் தளதளவென்று இருக்கிற சதையைப் போல, பாலும் கொஞ்சம் தேனும் கலந்தது போல, கைவைத்தால் சூடாக இருக்கும் என்று தோன்றும்படி நின்றது. டப்பாவில் எதுவும் மாறவில்லை. பக்கத்தில் இருந்த புகை போய்விட்டது, அவ்வளவுதான்.

"முதல் நாள் வாங்கிட்டு வந்தது இதைத்தான்," என்றாள் ரோனா. "முதல் நாளே. கழுவாம பூசிப் பாத்தது என் புத்தி." கையால் தடவினாள். "இதுதான் அடிக்கப் போறேன். சுரண்டவும் மாட்டேன், கலக்கவும் மாட்டேன்."

நான் சற்றுத் தள்ளி வாசலுக்குப் போய், கண்ணைச் சுருக்கி, பழைய சுவரை நினைத்துப் பார்த்தேன். ஒத்து வந்தது. சரியாக ஒத்து வரவில்லை, ஆனால் நினைவில் இருப்பதற்குப் பக்கத்தில் வந்தது. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

"அடி. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"அதான் அண்ணி எனக்கு எரியுது," என்றாள்.

அடிக்க ஆரம்பித்தாள். காற்றில் ஈரம். ஒரு பூச்சு காய்வதற்கே நாள் கணக்கில் ஆனது. குட்டிகளுக்குப் பால், டூகலுக்குச் சாப்பாடு, ஆடு மேய்க்கும் நாய்களுக்குத் தீனி, இடையில் ரோலர். தலைமுடியெல்லாம் சிப்பி நிறம். எல்லாப் பக்கமும் நன்றாக வந்தது. கணப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த இடம் மட்டும் வரவில்லை. அடித்துக் காய்ந்ததும் உள்ளிருந்து பழுப்பாக ஒழுகல் ஒழுகலாக ஊறி வெளியே வந்தது. எத்தனை கழுவினாலும் பலகை குடித்திருந்த புகை விடவில்லை.

"பாருங்க, எட்டிப் பாக்குறா," என்றாள் ரோனா. "நான் விடுவேனா?" மறுபடி அடித்தாள். மறுநாள் மறுபடி எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தாள். விருந்தன்று காலையில்கூட, சீஸ் ரோல்களை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, அந்த இடத்தில் மட்டும் கெட்டியாக ஒரு பூச்சு போட்டாள். பிரஷ்ஷை அவள் அழுத்திய அழுத்தத்தில் மயிர்கள் இரண்டு பக்கமும் விரிந்தன.

"போதும். குளிச்சு உடுத்திக்க. ஜன்னலைத் திற, வாடை போகட்டும்," என்றேன். "ஞாபகம் இருக்கட்டும். வாயைத் திறக்கக்கூடாது."

"சரி அண்ணி."

பெண்கள் வந்தார்கள். சாஸேஜ் ரோல், முட்டை சாண்ட்விச், சர்க்கரை மினுங்கும் இஞ்சிக் கேக். பெக்கியின் ஸ்கோன். மாவு சலிக்கிற சல்லடை, மரக்கரண்டிக் கட்டு, மூன்று பேர் கொண்டுவந்த ஒரே மாதிரித் தேநீர்க் கெட்டில். ரோனா கடல்நீல உடுப்பில் நல்ல உயரமாகத் தெரிந்தாள். நான் கணப்புக்கு அருகில் நேராக உட்கார்ந்து எல்லாரையும் வரவேற்றேன்.

"அப்பாடா, அடிக்கலை!" என்றாள் பெக்கி நுழைந்ததும். "எங்க மாத்திடப் போறியோன்னு பயந்தேன். இன்னிக்கு இன்னும் பளிச்சுன்னு இருக்கே. கழுவினியா?"

"கழுவினேன்," என்றாள் ரோனா.

"அதான். லோர்னா நிறம் கழுவக் கழுவ ஏறும்."

இன்னொருத்தி தலையாட்டினாள். "அவ இங்கதான் இருக்கா. நம்மளோடதான்." ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோனா சீஸ் ரோல் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் நீட்டினாள். எடுத்துக்கொண்டவர்கள் சுவரைப் பார்த்தபடியே எடுத்தார்கள்.

ஐலா தோழியின் காரில் நேராக விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினாள். லோர்னாவின் அதே நெற்றி. எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள்.

"எல்ஸ்பெத் அத்தை!" என்று என்னை முத்தமிட்டாள். "ரோனா," என்று அவளுக்கு ஒரு தலையசைப்பு. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்படியே வச்சிருக்கீங்க. அம்மா நிறம்."

அவள் நேராகக் கணப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே போனாள். நான் வாயைத் திறப்பதற்குள், கண்ணை மூடிக்கொண்டு சுவரில் கன்னத்தைச் சாய்த்தாள். பெக்கி மூக்கை உறிஞ்சினாள்.

நான் ரோனாவைப் பார்த்தேன். கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

"கன்னத்தை எடு ஐலா," என்றாள். "பெயின்ட் இன்னும் காயலை."

ஐலா கண்ணைத் திறந்தாள். கன்னத்தை எடுத்தாள். கன்னத்தில் ஈரமாக, நன்றாக, அந்த நிறம். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது அம்மா அடிச்சது இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவள் நான்தான். முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பெக்கி ஸ்கோனை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தியிருந்தாள்.

"இல்லை," என்றேன். "ரோனா அடிச்சது."

ஒருத்தியின் கிண்ணம் தட்டில் மோதிச் சத்தமிட்டது. ஐலா கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. யாரும் எழுந்து கொடுக்கவுமில்லை.

ரோனா சீஸ் ரோல் தட்டை என் மடியில் வைத்தாள். உள்ளே போய் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து வந்தாள். கடல்நீல உடுப்பின் கையை முழங்கைவரை ஏற்றிக்கொண்டு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரில் பதிந்திருந்த அந்தக் கன்னத்தின் தடத்தை, ஒரு ஓரமும் மிச்சமில்லாமல் அடித்து மறைத்தாள்.